“என் வயிறு விரிஞ்சிடுச்சா?”: ஸ்லீவ் அறுவைக்குப் பின் சோடா, ஒரு நிகழ்வு ஆய்வு

அறுவை சிகிச்சை முடிந்து 19 மாதம் கழித்து அவர் வந்தார். உட்கார்ந்ததும் கேட்ட முதல் கேள்வி: “என் வயிறு விரிஞ்சிடுச்சா மேடம்? எதுவா இருந்தாலும் உண்மையைச் சொல்லிடுங்க.”

எடைக்குறைப்பு அறுவை சிகிச்சைக் குழு ஒன்றில் நான் உணவியலாளர். இந்தக் கேள்வியைப் பலரும் கேட்டிருக்கிறார்கள். ஆனாலும் இவருடைய கதையை முழுதாக எழுதிவைக்க வேண்டும் என்று தோன்றியது. அவர் பயந்தது ஒன்று, எட்டு மாதமாக உள்ளே நடந்துகொண்டிருந்தது வேறொன்று. அவர் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். ஆளை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

பின்னணி

வயது 39. உயரம் 162 செ.மீ. அறுவைக்கு முன் எடை 112 கிலோ, உடல் நிறைக் குறியீடு 42.7. அவருக்குச் செய்தது ஸ்லீவ் அறுவை. இரைப்பையின் வெளிவளைவுப் பக்கத்தில் முக்கால் பங்குக்கு மேல் வெட்டி எடுத்துவிட்டு, மீதியை ஒரு குழாய் மாதிரி ஸ்டேபிள் போட்டு மூடிவிடுவார்கள். குடலில் கை வைப்பதில்லை. இரைப்பையின் அடிவாசல் தசையும் அப்படியே இருக்கும்.

அறுவை நல்லபடியாக நடந்தது. கசிவு இல்லை, அடைப்பு இல்லை. 11ஆம் மாதம் எடை 76 கிலோ. 36 கிலோ குறைந்திருந்தது. அதற்கப்புறம் இரண்டு முறை பரிசோதனைக்கு வரவேண்டியவர் வரவில்லை. தொலைபேசியில் கூப்பிட்டபோது “நல்லா இருக்கேன்” என்று மட்டும் சொன்னார்.

இப்போது எடை 83 கிலோ. இறங்கியதில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு திரும்பி வந்துவிட்டது. கூடவே இரவில் நெஞ்செரிச்சல், படுத்தால் வறட்டு இருமல், மேல்வயிற்றில் ஓர் இறுக்கம், மலச்சிக்கல், நாள் முழுக்கச் சோர்வு. தலைமுடி கொட்டுவதையும் சொன்னார், அதுதான் ரொம்ப வேதனை என்றும் சொன்னார்.

குடித்தது என்ன

அறுவைக்குப் பின் நாங்கள் கையில் கொடுக்கும் தாளில் ஒரு வரி உண்டு: “கேஸ் உள்ள பானங்கள் கூடாது.” அவ்வளவுதான், காரணம் எதுவும் போட்டிருக்காது. மூன்றாவது மாதப் பரிசோதனையில் நான் அவரிடம் “சோடா எதுவும் குடிக்கலையே?” என்று கேட்டதாகக் குறிப்பில் இருக்கிறது. அவர் “இல்லை” என்றார். அப்படிக் கேட்டால் யாரும் இல்லை என்றுதான் சொல்வார்கள். அந்தக் கேள்வியை நான் வேறு மாதிரிக் கேட்டிருக்க வேண்டும்.

இந்த முறை, “நேத்து காலையில எழுந்ததுல இருந்து ராத்திரி படுக்குற வரைக்கும் வாயில வெச்ச ஒவ்வொரு திரவத்தையும் சொல்லுங்க” என்று கேட்டேன். முதலில் “எப்பவாவது ஒரு டயட் கோலா” என்றார். சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டு, எல்லாவற்றையும் சொன்னார்.

ஐந்தாவது மாதத்தில் ஒரு விருந்தில் யாரோ நீட்டிய கோப்பையில் இரண்டு மிடறு. என்னவோ ஆகும் என்று பயந்து காத்திருந்தார். ஓர் ஏப்பம் வந்தது, அதற்குமேல் எதுவும் ஆகவில்லை. “அப்போ நீங்க சொன்னது சும்மா பயமுறுத்தத்தான்னு நினைச்சேன்” என்றார். அப்புறம் வாரத்துக்கு ஒன்று, பிறகு நாளுக்கு ஒன்று. 11ஆம் மாதத்துக்குள் தினமும் இரண்டு கேன் டயட் கோலா என்று ஆகிவிட்டது. வேலையில் மதியம் கண்ணைச் சொக்கும் நேரத்துக்கு ஒரு கேன் சாதாரண கோலாவும் சேர்ந்துகொண்டது. வைட்டமின் மாத்திரை குமட்டியதால் அதை நிறுத்திவிட்டு, தண்ணீரில் போட்டால் நுரைத்துக் கரையும் மாத்திரைக்கு மாறியிருந்தார். அதுவும் கேஸ்தான் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. எங்கள் தாளிலும் அது இல்லை.

வெறும் தண்ணீர்? ஒரு நாளைக்கு 600 மி.லி.கூடத் தேறவில்லை.

இன்னொன்றையும் தயங்கித் தயங்கிச் சொன்னார். சாப்பாட்டின் நடுவே வயிறு நிறைந்து அடைத்த மாதிரி இருக்கும்போது ஒரு வாய் கோலா குடித்தால், ஏப்பம் வந்து இடம் விட்டது போல இருக்கும், இன்னும் நாலு வாய் சாப்பிட முடியும். இதை அவர் தானாகவே கண்டுபிடித்திருந்தார். நிறைவை உணரவைக்கத்தான் அந்த அறுவையே செய்தோம். அந்த உணர்வைக் கலைக்கும் வழி அவர் கைக்குச் சிக்கியிருந்தது.

பரிசோதனைகள்

இரத்தத்தில் ஹீமோகுளோபின் 10.6, இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் 9 நானோகிராம், வைட்டமின் டி 14 நானோகிராம். மூன்றுமே குறைவு. பி12 போதுமான அளவில் இருந்தது. எண்டோஸ்கோபியில் உணவுக்குழாயின் அடியில் லேசான அழற்சி. இரைப்பை மேலேறி மார்புக்குள் நுழையும் ஹெர்னியா இல்லை, ஸ்லீவில் எங்கும் சுருக்கம் இல்லை. இரைப்பையில் புண் உண்டாக்கும் ஹெலிகோபேக்டர் கிருமியும் இல்லை. பேரியம் கலந்த திரவத்தைக் குடிக்கவைத்து எடுத்த எக்ஸ்ரே படத்தில் குழாய் குழாயாகவே இருந்தது. மேல்பகுதியில் பை மாதிரி எதுவும் தொங்கவில்லை.

படத்தை அவருக்குக் காட்டி, “பாருங்க, விரியல” என்றேன். அழுதுவிட்டார். எட்டு மாதமாகத் தன் கையாலேயே அறுவையைக் கெடுத்துவிட்டோம் என்ற நினைப்போடு இருந்திருக்கிறார். பரிசோதனைக்கு வராததற்கும் அதுதான் காரணம்.

கேஸ் உள்ளே போனால் என்ன நடக்கிறது

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று பேசவேண்டும். அறுவை செய்துகொண்ட எல்லாருக்கும் “சோடா வயிற்றை விரித்துவிடும்” என்றுதான் தெரியும், எப்படி என்று யாரும் சொல்வதில்லை.

ஆலையில் அடைக்கப்பட்ட கோலாவில், திரவத்தின் அளவைப் போல மூன்று முதல் நான்கு மடங்கு கரியமில வாயு அழுத்தத்தில் கரைந்திருக்கும். 330 மி.லி. கேன் என்றால் ஒரு லிட்டருக்கும் மேல் வாயு. எல்லாம் வயிற்றுக்குப் போவதில்லை. திறக்கும்போது கொஞ்சம், வாயில் கொஞ்சம், ஏப்பத்தில் கொஞ்சம் என்று வெளியேறிவிடும். மிச்சம் உடல் சூட்டில் வேகமாகப் பிரியும்.

முழு இரைப்பைக்கு இது பெரிய விஷயமல்ல. அதன் மேல்பகுதி, ஏதாவது உள்ளே வந்தால் தளர்ந்து இடம் கொடுக்கும். ஸ்லீவில் வெட்டி எடுக்கப்படுவது அந்தப் பகுதிதான். 2008இல் வெளியான ஓர் ஆய்வில் அறுவை மேசையிலேயே இதை அளந்து பார்த்தார்கள். முழு இரைப்பையின் கொள்ளளவு சராசரியாக 1550 மி.லி. அளவில் இருந்தது. ஸ்லீவ் ஆனபின் 130 மி.லி.கூட இல்லை. நிரப்பியபோது உள்ளழுத்தம் முழு இரைப்பையில் 34 மி.மீ. பாதரசம், ஸ்லீவில் 43. பலூனை ஊதுவதற்கும் தோட்டத்துத் தண்ணீர்க் குழாயை ஊதுவதற்கும் உள்ள வித்தியாசம் என்று நோயாளிகளிடம் சொல்வேன். குழாய் நெகிழாது, அழுத்தம் வேறு பக்கம் போகும். அடிவாசல் மூடியிருந்தால் மேலே, உணவுக்குழாய்க்குள்தான் போக வேண்டும். அவருடைய நெஞ்செரிச்சலும் படுக்கை இருமலும் பெருமளவு இதனால்தான் என்று நினைக்கிறேன். ஸ்லீவுக்குப் பின் கேஸ் பானம் குடிக்காதவர்களுக்கும் நெஞ்செரிச்சல் வரும், அதை மறுக்கவில்லை. ஆனால் கோலாவின் அமிலமும் (அதன் பி.எச். ஏறத்தாழ 2.5) வாயுவும் காஃபீனும் ஒன்றாகச் சேர்ந்தால் சும்மா இருக்கும் நெருப்பைக் கிளறிவிட்டது போலத்தான்.

சரி, விரியுமா? ஒரு சின்ன விஷயம் சொல்கிறேன். ஸ்லீவின் கொள்ளளவை சி.டி. ஸ்கேனில் அளக்க நினைத்தால் சில கதிரியக்க மருத்துவர்கள் நோயாளிக்கு நுரைக்கும் குருணையைக் கொடுப்பார்கள். அது வாயுவை உண்டாக்கி இரைப்பையை உப்பவைக்கும், உப்பிய நிலையில் படம் எடுப்பார்கள். கேஸ் இரைப்பையைத் தற்காலிகமாக உப்பவைக்கும் என்பதற்கு இதைவிட நேரான சான்று வேண்டாம். வாயு போனதும் அது பழைய நிலைக்கு வந்துவிடும் என்பதும் இதிலேயே இருக்கிறது. ஸ்லீவ் ஆண்டுகள் போகப் போக ஓரளவு அகலமாவது உண்மை. சோடாவைத் தொடாதவர்களுக்கும் அப்படித்தான் ஆகிறது. சோடாதான் நிரந்தரமாக விரிக்கிறது என்று நிலைநாட்டிய உறுதியான ஆய்வு கிடையாது. இதைச் சொன்னால் நோயாளிகள் துணிந்து குடித்துவிடுவார்கள் என்று சில சகபணியாளர்கள் தயங்குகிறார்கள். இவருடைய கதையைப் பார்த்த பிறகு எனக்கு அந்தத் தயக்கம் இல்லை. பயம் ஐந்தாவது மாதத்தில் ஓர் ஏப்பத்தோடு போய்விட்டது. உண்மையான காரணத்தைச் சொல்லியிருந்தால் அது அவரிடம் நின்றிருக்கும்.

முதல் சில வாரங்கள் மட்டும் வேறு கணக்கு. தையல் கோடு ஆறிக்கொண்டிருக்கும், உட்சுவர் வீங்கி வழி குறுகியிருக்கும், சரியாக ஏப்பம் விடவும் வராது. அப்போது உள்ளே போகும் கேஸ் கடுமையான வலியைத் தரும். இடது தோள்வரை வலிக்கலாம். கசிவு ஏற்பட்டாலும் கிட்டத்தட்ட அதே மாதிரிதான் வலிக்கும். சோடா வலியா கசிவா என்று வீட்டில் உட்கார்ந்து யோசிக்கும் நிலைக்கு யாரும் தன்னைத் தள்ளிக்கொள்ளக் கூடாது. வலியோடு காய்ச்சலோ இதயப் படபடப்போ மூச்சுத்திணறலோ இருந்தால் உடனே மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும். இந்தக் காலத்தில் ஒரு மிடறுகூட வேண்டாம் என்பதில் எங்கள் குழுவில் யாருக்கும் இரண்டாவது கருத்து இல்லை.

அப்படியானால் எடை ஏன் ஏறியது

ஸ்லீவ் கெட்டியான உணவைத்தான் தடுக்கும், திரவத்தை அல்ல. தண்ணீர் போன்ற திரவம் முழு இரைப்பையைவிட ஸ்லீவில் வேகமாகவே இறங்கிவிடும். ஒரு கேன் சாதாரண கோலாவில் ஏறத்தாழ 35 கிராம் சர்க்கரை, 140 கலோரி. அது இடத்தையும் அடைப்பதில்லை, நிறைவையும் தருவதில்லை. தினம் ஒன்று என்றால் மாதத்துக்கு 4200 கலோரி, அதாவது அரைக் கிலோ கொழுப்புக்குச் சற்று மேல். எட்டு மாதத்துக்கு நாலு கிலோவுக்கு மேல் வருகிறது. உடல் இவ்வளவு நேர்க்கணக்காக நடந்துகொள்ளாது என்பது தெரியும். ஆனாலும் ஏறிய ஏழு கிலோவில் பெரும்பகுதி எங்கிருந்து வந்தது என்று ஒரு தாளில் எழுதிப் போட்டுக் காட்டியபோது, அவர் நீண்ட நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். மீதிக்கு, சாப்பாட்டின் நடுவே ஏப்பம் விட்டு இடம் பிடித்த அந்த நாலு வாய்.

“கேஸ் போகட்டும்னு திறந்து வெச்சுட்டுத்தான் குடிப்பேன்” என்றும் சொன்னார். கேஸ் போய்விடும், 35 கிராம் சர்க்கரை எங்கேயும் போகாது.

தண்ணீர் குறைந்ததற்கும் இதே பானம்தான் காரணம் என்று நான் சந்தேகித்தேன். 2016இல் வெளியான ஓர் ஆய்வு நினைவுக்கு வந்தது. தாகத்தோடு வந்தவர்களுக்குக் குளிர்ச்சியான பானமும் கேஸ் உள்ள பானமும் கொடுத்தபோது, உண்மையில் குடித்ததைவிட அதிகம் குடித்ததாக உணர்ந்தார்கள், தாகமும் சீக்கிரம் தீர்ந்தது. ஆரோக்கியமான ஒருவருக்கு இதில் கெடுதல் இல்லை. நாளுக்கு ஒன்றரை லிட்டரையே மிடறு மிடறாக, சாப்பாட்டுக்கு அரைமணி தள்ளி, பிரயத்தனப்பட்டுக் குடிக்கவேண்டியவருக்கு, தாகம் பொய்யாகத் தீர்ந்தால் அது இழப்பு. மலச்சிக்கலும் சோர்வின் ஒரு பகுதியும் அங்கிருந்துதான் வந்திருக்க வேண்டும்.

எலும்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. இந்த அறுவைக்குப் பின் எலும்பு அடர்த்தி குறைவது தெரிந்த விஷயம். 2006இல் வெளியான ஃப்ரேமிங்ஹாம் எலும்பு ஆய்வில், தினமும் கோலா குடித்த பெண்களுக்கு இடுப்பெலும்பு அடர்த்தி குறைவாக இருந்தது. மற்ற கேஸ் பானங்களில் அப்படித் தெரியவில்லை. கோலாதான் காரணம் என்று அதை வைத்து முடிவுகட்ட முடியாது. ஆனால் வைட்டமின் டி 14இல் நிற்கும் ஒருவர் நாளுக்கு மூன்று கேன் கோலா குடிப்பதைப் பார்த்துக்கொண்டு என்னால் சும்மா இருக்க முடியாது.

என்ன செய்தோம்

மருத்துவர் எட்டு வாரத்துக்கு அமிலம் குறைக்கும் மாத்திரை, இரும்பு, வைட்டமின் டி, கால்சியம் சிட்ரேட் எழுதினார். நுரைக்கும் மாத்திரையை நிறுத்திவிட்டு, மென்று சாப்பிடும் மாத்திரைக்கு மாற்றினோம். இரும்பு உடலில் சேர்வதைக் கால்சியம் தடுக்கும் என்பதால் இரண்டுக்கும் நடுவே இரண்டு மணிநேர இடைவெளி.

பானத்தை ஒரே நாளில் நிறுத்தச் சொல்லவில்லை. முதல் வாரம் சர்க்கரை கேனை மட்டும் விட்டார். காஃபீன் திடீரென்று நின்றால் தலைவலி வரும், தலைவலி வந்தால் பழைய இடத்துக்கே போய்விடுவார். அதனால் டயட் கேன்களை மூன்று வாரத்தில் இரண்டிலிருந்து ஒன்று, அப்புறம் அரை என்று இறக்கினோம். சாப்பாட்டோடு எந்தத் திரவமும் இல்லை என்ற விதியை மட்டும் அன்றைக்கே கறாராக வைத்தோம்.

கடினமாக இருந்தது வேறொன்று. “தொண்டையில சுருக்குன்னு குத்துமே, அதுதான் வேணும்” என்றார். அந்தக் குத்தல் குமிழி வெடிப்பதால் வருவதல்ல. கரியமில வாயு நாக்கின் ஈரத்தில் அமிலமாக மாறி, வலி நரம்புகளையும் புளிப்பு உணரும் செல்களையும் தூண்டுகிறது. அது மெல்லிய வலி, அதோடு குளிர்ச்சி. வலியை விட்டுவிட்டுக் குளிர்ச்சியை வைத்துக்கொள்ளலாம் என்று யோசித்து, பொடித்த ஐஸ் நிறையப் போட்ட தண்ணீரைக் கொடுத்துப் பார்த்தோம். முதல் வாரம் “இது ஒண்ணுமே இல்ல” என்றார். மூன்றாவது வாரம் அந்த ஐஸ் பாட்டில் இல்லாமல் அவர் வெளியே போவதில்லை. நாளுக்கு 1.4 லிட்டர்வரை வந்துவிட்டது. மதியத் தூக்கத்துக்கு அந்த நேரம் புரதம் உள்ள சிற்றுணவு ஒன்றை வைத்தோம். அவர் குறித்துவந்த கணக்குப்படி நாளுக்கு 40 கிராம்தான் புரதம் போய்க்கொண்டிருந்தது. 60 கிராமாவது வேண்டும்.

எல்லாம் நேராகப் போகவில்லை. ஏழாவது வாரம் வீட்டில் ஒரு துக்கம், நாலு நாள் தொடர்ந்து கோலா. இந்த முறை மறைக்கவில்லை, அன்றைக்கே கூப்பிட்டுச் சொன்னார். என் கணக்கில் இந்தச் சிகிச்சையின் பெரிய வெற்றி அந்த அழைப்புதான்.

ஐந்து மாதம் கழித்து

எடை 79.5 கிலோ. நெஞ்செரிச்சல் வாரத்தில் ஒரு நாள் வந்தால் உண்டு, இருமல் நின்றுவிட்டது. ஹீமோகுளோபின் 12.1, ஃபெரிட்டின் 28. மருந்தும் உணவும் தண்ணீரும் ஒரே நேரத்தில் மாறின, அதனால் எது எவ்வளவு உதவியது என்று பிரித்துச் சொல்ல முடியாது. கோலாவை விட்டதால் மட்டும் எல்லாம் சரியானது என்று யாரும் இதைப் படித்துவிட்டு எடுத்துக்கொள்ள வேண்டாம்.

இப்போது அவர் வாரத்தில் ஒரு நாள் சர்க்கரை இல்லாத சோடாத் தண்ணீர் ஒரு சின்னக் கோப்பை குடிக்கிறார். அகலமான கோப்பையில் ஊற்றி, கரண்டியால் நன்றாகக் கலக்கி, பாதி கேஸ் போனபின், சாப்பாட்டுக்கு ஒரு மணிநேரம் தள்ளி, உட்கார்ந்து, ஸ்ட்ரா இல்லாமல். நான் சரி என்றேன். எங்கள் அறுவை மருத்துவர் சரி என்று சொல்லவில்லை. வாழ்நாள் முழுக்க ஒரு சொட்டும் கூடாது என்பது அவர் நிலை. வாரம் ஒன்று நாளுக்கு ஒன்றானதை ஏற்கெனவே பார்த்தோமே என்கிறார். அதில் நியாயம் இருக்கிறது. மறைத்துக் குடிக்கும் மூன்று கேனைவிடச் சொல்லிவிட்டுக் குடிக்கும் ஒரு கோப்பை மேல் என்று நான் நினைக்கிறேன். நாங்கள் இன்னும் ஒத்துப்போகவில்லை. இருவர் கருத்தையும் அவரிடம் சொல்லிவிட்டோம்.

தாளில் இருந்த அந்த ஒற்றை வரியை மாற்றிவிட்டோம். முதல் ஆறு வாரம் ஏன் ஒரு மிடறும் கூடாது, அதற்குப் பின் ஏன் தவிர்ப்பது நல்லது, கேஸ், சர்க்கரை, காஃபீன், அமிலம் இந்த நான்கில் எது என்ன செய்யும் என்று அரைப் பக்கம் இருக்கிறது. நுரைக்கும் மாத்திரையும் அதில் உண்டு, பீரும் உண்டு.

கடைசியாக வந்தபோது அவர் தோழி ஒருவருக்கு இரைப்பை பைபாஸ் என்ற இன்னொரு வகை எடைக்குறைப்பு அறுவை நடக்கப் போவதாகச் சொன்னார். “நான் குடிக்கிற மாதிரி வாரத்துக்கு ஒரு கோப்பை குடிக்கலாம்னு அவகிட்ட சொல்லட்டுமா?” என்று கேட்டார். வேண்டாம் என்றேன். பைபாஸில் இரைப்பை 30 மி.லி. அளவுள்ள ஒரு சின்னப் பை, அடிவாசல் தசை வழியில் இல்லை, பை நேரே சிறுகுடலில் திறக்கும். சர்க்கரை உள்ள கோலா அங்கே கொட்டினால் அரைமணிக்குள் படபடப்பு, வியர்வை, வயிற்றுப்போக்கு வரலாம். சில மணிநேரம் கழித்து இரத்தச் சர்க்கரை சட்டென்று இறங்கவும் செய்யலாம். பீர் என்றால் போதை சீக்கிரமாகவும் கடுமையாகவும் ஏறும். நுரைக்கும் வலி மாத்திரைகளில் சிலவற்றில் ஆஸ்பிரின் இருக்கும், அது இணைப்பு இடத்தில் புண்ணை உண்டாக்கலாம்.

அவர் கைப்பேசியை எடுத்து ஒவ்வொன்றாகக் குறித்துக்கொண்டார். ஆஸ்பிரின் பற்றியதை மட்டும் இன்னொரு தடவை சொல்லச் சொன்னார்.